1960 பிஎஸ்ஏ கோல்டு ஸ்டார் டிபிடி34, கேட்கும் விலை 17,500 பவுண்டு: வாங்கலாமா?

கவின்_கவென்ட்ரி:

வணக்கம். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் கை வைத்தவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள் என்று தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். லிங்கன்ஷயர் பக்கம் ஒரு டீலரிடம் 1960 மாடல் பிஎஸ்ஏ கோல்டு ஸ்டார் டிபிடி34 விற்பனைக்கு வந்திருக்கிறது. கிளப்மேன் வடிவம்: கிளிப்-ஆன் ஹேண்டில்பார், பின்னால் தள்ளி வைத்த ஃபுட்ரெஸ்ட், அமல் ஜிபி கார்புரேட்டர், ஆர்ஆர்டி2 கியர்பாக்ஸ், முன்சக்கரத்தில் 190 மில்லிமீட்டர் பிரேக். கேட்கும் விலை 17,500 பவுண்டு. சேகரிப்பாளர்களுக்கு ஏற்ற வண்டி, எல்லாம் ஒரிஜினல் என்று விளம்பரம் சொல்கிறது.

படங்களில் வண்டி கண்ணைப் பறிக்கிறது. ஆனால் கிராங்க்கேஸ் இப்போதுதான் வார்த்து எடுத்த மாதிரி அவ்வளவு புதுசாக இருக்கிறது, 65 வருட வண்டிக்கு அது இயல்பா என்று தெரியவில்லை. பதிவுச் சான்றான வி5சி இருக்கிறது, நம்பர் பிளேட் மட்டும் பின்னாளில் கொடுத்த வயதுக்கேற்ற எண். அந்தக் காலத்து லாக்புக் இல்லை. எஞ்சின் எண்ணும் ஃபிரேம் எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்தவும் இல்லை, அதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது.

ஊரில் புல்லட் ஓட்டிய பழக்கம் உண்டு, கிக் அடிக்கத் தெரியும். பூட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆள் நான் இல்லை, வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே எடுக்க ஆசை. இந்த விலை சரியா, நேரில் போனால் எதைப் பார்க்க வேண்டும், இதை நிஜமாகவே ஓட்ட முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லூக்கஸ்_மேக்னெட்டோ:

தம்பி, முதலில் எண் பொருந்தவில்லை என்ற பயத்தை விடுங்கள். அந்தக் காலத்து பிஎஸ்ஏவில் எஞ்சினுக்கும் ஃபிரேமுக்கும் தனித்தனி எண் வரிசை, இரண்டும் ஒன்றாக இருக்கவே இருக்காது. எஞ்சின் எண் டிபிடி34ஜிஎஸ் என்று தொடங்க வேண்டும், ஃபிரேம் எண் சிபி32 என்று தொடங்க வேண்டும். 350 சிசி கோல்டு ஸ்டாருக்கும் 500 சிசிக்கும் அதே சிபி32 ஃபிரேம்தான், ஆகவே 32 என்பதைப் பார்த்துவிட்டு இது 350இன் ஃபிரேம் ஆயிற்றே என்று யாராவது குழப்பினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது வேறு. இந்த எஞ்சினும் இந்த ஃபிரேமும் பர்மிங்ஹாம் ஸ்மால் ஹீத் தொழிற்சாலையிலிருந்து ஒரே வண்டியாக வெளியே போனவையா? அதற்கான பதில் தொழிற்சாலையின் டெஸ்பாட்ச் பதிவேட்டில் இருக்கும். விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பின் நூலகத்தில் கேட்டால், கட்டணம் வாங்கிக்கொண்டு, எந்த எஞ்சின் எந்த ஃபிரேமோடு எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பப்பட்டது என்று பதிவேட்டைப் பார்த்து எழுதிக் கொடுப்பார்கள். கோல்டு ஸ்டாருக்கென்றே தனி உரிமையாளர் கிளப் இருக்கிறது, அவர்களும் எண்ணைப் பார்த்து வழி சொல்வார்கள். "எல்லாம் ஒரிஜினல்" என்று விளம்பரம் போடுகிற டீலர் இந்தத் தாளை ஏற்கெனவே வாங்கி வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் செலவில் வாங்கித் தரச் சொல்லுங்கள், அது வருகிற வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், கோல்டு ஸ்டாருக்கு இன்றைக்குக் கிட்டத்தட்ட எல்லா பாகமும் புதிதாகவே செய்து விற்கிறார்கள். கிராங்க்கேஸ், பேரல், ஹெட் எல்லாம் கிடைக்கும், முழு எஞ்சினையே புதுப் பாகங்களால் கட்ட முடியும். ஓட்டுகிறவனுக்கு அது வரப்பிரசாதம், நானே வாங்கியிருக்கிறேன். ஆனால் அப்படிக் கட்டிய எஞ்சினில் பழைய எண்ணைக் குத்தி 1960 வண்டி என்று 17,500 கேட்டால் அது வேறு கதை. நீங்கள் சொல்லும் புதுசான கிராங்க்கேஸ் எனக்கும் உறுத்துகிறது. மணல் வீசிச் சுத்தம் செய்தாலும் பழைய வார்ப்பு அப்படித் தெரியலாம், அதனால் படத்தை வைத்துக் குற்றம் சொல்ல மாட்டேன். நேரில் போய் இடதுபக்க கிராங்க்கேஸில் பேரலுக்குக் கீழே எண் இருக்கும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். சுற்றிலும் ராவிய தடம் இருக்கிறதா, எழுத்துகள் ஒரே அளவிலும் ஆழத்திலும் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். ஃபிரேமில் ஹேண்டில் தலைப்பகுதியில் இருக்கும் எண்ணுக்கும் அதே சோதனை. பெயின்ட்டையோ பவுடர் கோட்டிங்கையோ கெட்டியாக அடித்து எண்ணை மூழ்கடித்திருந்தால் அங்கேயே நின்று கேள்வி கேளுங்கள்.

அப்புறம் பி31, பி33 என்று இதே குடும்பத்தில் சாதுவான வண்டிகள் உண்டு, அவற்றை கோல்டு ஸ்டார் வேஷத்தில் விற்பதும் பழைய பழக்கம். அவற்றின் பேரல் வார்ப்பிரும்பு, புஷ்ராட் தனிக் குழாய்க்குள் போகும். கோல்டு ஸ்டாரின் பேரல் அலுமினியம், புஷ்ராட் போகும் சுரங்கம் பேரலோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம்.

வயதுக்கேற்ற நம்பர் பிளேட் மட்டும் இருப்பதால் வண்டி கெட்டது என்று ஆகாது. பழைய எண்ணை யாராவது தனியாக விற்றிருக்கலாம், அல்லது வண்டி அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பி வந்திருக்கலாம். அங்கே நிறைய கோல்டு ஸ்டார்கள் போயின, கேட்டலைனா என்ற பெயரில், கரடுமுரடான தடத்தில் ஓட்டும் ஸ்கிராம்ப்ளராகவே விற்றார்கள். பதிவேட்டில் இந்த வண்டி கேட்டலைனாவாக அனுப்பப்பட்டது என்று வந்தால், இப்போதுள்ள கிளப்மேன் வடிவம் பின்னால் செய்தது. தப்பில்லை, விலை மட்டும் அதற்கேற்ப இறங்க வேண்டும்.

வடலி_சிங்கிள்:

தம்பி கவின், லூக்கஸ் அண்ணை எண்களைப் பற்றிச் சொன்னதற்கு மேலே நான் சொல்ல ஒன்றுமில்லை. ஓடுவதைப் பற்றிக் கதைக்கிறேன். நான் இலண்டனில் இருக்கிறேன், என்னிடம் ஒரு டிபிடி34 கனகாலமாக இருக்கிறது, விற்கும் எண்ணமே இல்லை.

இது ரோட்டுக்கு லைட் பூட்டிய பந்தய வண்டி. இதை முதலில் மனதில் எடுங்கள். 499 சிசி, 85 மில்லிமீட்டர் போர், 88 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 7,000 சுற்றில் 40 குதிரைத்திறன் அளவில் தரும். ஐம்பதுகளில் ஒற்றை சிலிண்டர் புஷ்ராட் எஞ்சினிலிருந்து இவ்வளவு எடுப்பதற்கு பிஎஸ்ஏ எஞ்சின் எஞ்சினாக பெஞ்சில் ஓட்டிச் சோதித்துத்தான் வெளியே விட்டது. நல்ல நிலையில் 110 மைல் வேகம் போகும். அந்த வேகத்துக்காக மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தார்கள். ஜிபி கார்புரேட்டரில் ஐடிலிங் வழியே இல்லை, சிக்னலில் நிற்கும்போது வலது கை ஆக்ஸிலரேட்டரை விட முடியாது. சோக் கிடையாது. ஆர்ஆர்டி2 கியர்பாக்ஸில் நாலு கியரும் நெருக்கமாக இருக்கும், முதல் கியரே அவ்வளவு உயரம். அந்த முதல் கியரிலேயே 60 மைலைத் தொடலாம், அதாவது இங்கத்தைய ஊர்ப்புற ஒற்றைச் சாலையின் வேக எல்லை முதல் கியரிலேயே முடிந்துவிடும். மேட்டில் நின்று கிளம்ப வேண்டுமென்றால் கிளட்சைப் பாதியில் பிடித்துக்கொண்டு நல்ல தூரம் இழுத்துப் போக வேண்டும். நகரத்து நெரிசலில் கிளட்ச் மணக்கத் தொடங்கும், மணிக்கட்டு கிளிப்-ஆனில் நொந்துபோகும்.

ஆனால் கவென்ட்ரியிலிருந்து வெளிக்கிட்டு வளைந்து போகும் நல்ல ரோட்டில் ஏறி, எஞ்சின் 4,000 சுற்றைத் தாண்டும்போது பாருங்கள். ஒரு சிலிண்டர் இப்படியும் இழுக்குமா என்று இருக்கும். மூன்றாம் கியருக்கும் நாலாம் கியருக்கும் இடையில் சுற்று கொஞ்சம்தான் விழும், அந்தக் கியர்பாக்ஸ் எதற்காகச் செய்யப்பட்டது என்று அப்போதுதான் விளங்கும். ஆக்ஸிலரேட்டரை மூடினால் அந்தப் பின்வாங்கிய பைப்பும் சைலன்சரும் சேர்ந்து குருவிகள் கத்துவது மாதிரி ஒரு சத்தம் போடும், கோல்டு ஸ்டார்க்காரர் எல்லோரும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். நான் இந்த வண்டியை வைத்திருப்பதற்குக் காரணம் அந்த ரோடும் அந்தச் சத்தமும்தான், விலை ஏறுவதில்லை.

ஓட்டத்தான் வாங்குகிறீர்கள் என்றால் வழி இருக்கிறது. ஜிபியைக் கழற்றிப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துவிட்டு அமல் கான்சென்ட்ரிக் ஒன்றைப் பூட்டினால் ஐடிலிங்கும் வரும், நகரத்துக்குள்ளும் ஓட்டலாம். மேல்வேகத்தில் கொஞ்சம் குறையும், உங்களுக்கு அது தெரியவே தெரியாது. இங்கே 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல், பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த ஈ10 ஆகிவிட்டது, அதை ஊற்றாமல் ஈ5 சூப்பர் ஊற்றுங்கள். எத்தனால் பழைய சீல்களையும் குழாய்களையும் தின்னும், கார்புரேட்டரில் தேங்கி நின்றால் பச்சை பிடிக்கும்.

பெடல்_செல்வம்:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். கவின் சகோ ஞாயிற்றுக்கிழமை ஓட்ட ஆசை என்கிறார். அதற்கு 17,500 கொடுத்து கிளப்மேன் வாங்கி, உடனே கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்டியில் வைக்க வேண்டுமா? சேகரிப்பாளர் எதற்குக் காசு கொடுக்கிறாரோ அதை முதல் வேலையாகக் கழற்றுகிறோம். ஓட்டுவதுதான் முக்கியம் என்றால் நல்ல பி33 ஒன்றைப் பாருங்கள், அதே 500 சிசி, அதே ஊர், பொறுமையான எஞ்சின், விலை இதன் பக்கத்திலேயே வராது. இல்லையென்றால் 350 கோல்டு ஸ்டார் ஒன்றை டூரிங் கியரோடு தேடலாம்.

இன்னொன்று, கோல்டு ஸ்டார் என்ற பெயரே வேண்டும் என்றால் புதிது வந்திருக்கிறதே. மஹிந்திரா 2016இல் பிஎஸ்ஏ பெயரை வாங்கி, கிளாசிக் லெஜண்ட்ஸ் என்ற நிறுவனம் வழியாக 650 சிசி கோல்டு ஸ்டாரை 2021 கடைசியில் பர்மிங்ஹாமிலேயே அறிமுகம் செய்தார்கள். இந்தியாவிலும் 2024 ஆகஸ்ட் 15இல் விற்பனைக்கு வந்தது. ஒற்றை சிலிண்டர், செல்ஃப் ஸ்டார்ட், ஏபிஎஸ், 45 குதிரைத்திறன். நீங்கள் சொல்லும் தொகையில் பாதி கூட ஆகாது. ஊர்ப் பக்கம் ஒருவரின் வண்டியை ஓட்டிப் பார்த்திருக்கிறேன், நெடுஞ்சாலையில் அலுப்பில்லாமல் போகிறது.

லூக்கஸ்_மேக்னெட்டோ:

செல்வம், புது 650 நல்ல வண்டி, அதில் சண்டை இல்லை. ஆனால் கவின் கேட்பது அதையல்ல. இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் ஏன் இந்தக் குறிப்பிட்ட வடிவத்துக்கு இவ்வளவு விலை என்பதும் புரியும். 1937 ஜூன் 30 அன்று வால் ஹேண்ட்லி புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடத்தில் ஒரு 500 எம்பயர் ஸ்டாரை மெத்தனாலில் ஓட்டி 107.57 மைல் வேகத்தில் ஒரு சுற்று வந்தார். அங்கே பந்தயத்தில் 100 மைலைத் தாண்டிச் சுற்றியவருக்கு ஒரு சின்னத் தங்க நட்சத்திரப் பதக்கம் கொடுப்பார்கள். அடுத்த வருடம் வந்த எம்24க்கு அதையே பெயராக வைத்தார்கள். போருக்குப் பின்னால் ஐல் ஆஃப் மேன் தீவில் நடந்த கிளப்மேன் டிடி பந்தயம், கடையில் வாங்கக்கூடிய வண்டியில் சாதாரண கிளப் ஓட்டுநர்கள் போட்டியிடுவது, அதில் இந்த வண்டி மற்ற எதையும் மூச்சு விட விடவில்லை. 1956இல் பெர்னார்ட் காட் என்ற ஓட்டுநர் ஜூனியர் (350 சிசி), சீனியர் (500 சிசி) பந்தயங்கள் இரண்டையும் கோல்டு ஸ்டாரில் ஜெயித்தார். தீவில் நடந்த கடைசி கிளப்மேன் டிடி அதுதான். டிபிடி34 வந்ததும் அதே வருடம். 1963இல் தயாரிப்பு நின்றது, இதற்கு வேண்டிய, தீப்பொறி தரும் மேக்னெட்டோவைச் செய்வதை லூக்கஸ் கம்பெனி நிறுத்தியதும் ஒரு காரணம்.

ஆகவே கிளப்மேன் வடிவம், ஜிபி, ஆர்ஆர்டி2, 190 பிரேக் எல்லாம் பின்னாளில் சேர்த்த அலங்காரம் அல்ல, அந்தப் பந்தயத்துக்காகவே வந்தவை. அவற்றுக்குத்தான் காசு. ஆனால் அந்தக் காசு தாளோடு சேர்ந்து வர வேண்டும் என்பதுதான் என் வாதம். எல்லாப் பாகங்களும் வெளியே கிடைக்கும்போது, இந்த வண்டி அப்படியேதான் ஸ்மால் ஹீத்தை விட்டுக் கிளம்பியது என்று சொல்லும் அந்த ஒரு தாள் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் பளபளப்புக்குக் கொடுக்கும் விலை. வடலி சொன்ன மாதிரி ஜிபியைக் கழற்றி வைப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. அது வண்டியோடு இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பூட்டலாம். ஃபிரேமை அறுப்பது, எண்ணைத் தொடுவது, இவைதான் திரும்ப முடியாதவை.

நிவேதா_டெர்பி:

பணக் கணக்கை யாரும் பேசவில்லை, அதனால் நான். கவின், டீலர் விலையை ஏல விலையோடு ஒப்பிடும்போது கவனம். ஸ்டாஃபோர்டு கண்காட்சியில் வருடத்துக்கு இரண்டு தடவை பெரிய ஏலம் நடக்கும், அங்கே சுத்தியல் தட்டி முடியும் விலைக்கு மேலே வாங்குபவர் கமிஷன், அந்தக் கமிஷனுக்கு 20 சதவீத வாட் என்று சேரும். அதனால் ஏலப் பட்டியலில் கம்மியாகத் தெரிவது கைக்கு வரும்போது கம்மி இல்லை. அதே சமயம் ஏலத்தில் வாங்கினால் எஞ்சின் ஓடிக் கேட்கும் வாய்ப்பே பெரும்பாலும் கிடைக்காது. டீலரிடம் கேட்கலாம், கேட்க வேண்டும்.

விலை என்னைக் கேட்டால், பதிவேட்டுத் தாள் நன்றாக வந்தால் பேசித் தொடக்கூடிய தொகைதான். தாள் மோசமாக வந்தால் 17,500 அதிகம், நான் நிச்சயம் கொடுக்க மாட்டேன். இந்த வகை வண்டிகளை இளவயதில் பார்த்து ஏங்கிய தலைமுறைக்கு வயதாகிவிட்டது, அவர்களின் வண்டிகள் ஒவ்வொன்றாகச் சந்தைக்கு வருகின்றன. வாங்குகிற உங்களுக்கு அது சாதகம். முதலீடு என்று நினைத்து வாங்காதீர்கள்.

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது ஒப்புக்கொண்ட மதிப்பு என்ற வகையில் எடுங்கள், படங்களும் அந்தப் பதிவேட்டுத் தாளும் கொடுத்தால் தொகையை எழுதிக் கொடுப்பார்கள். இல்லையென்றால் திருட்டுப் போனால் அவர்கள் சொல்வதுதான் விலை. என் தோழிக்கு ஒரு நார்டன் விஷயத்தில் நடந்தது, பல மாதம் அலைந்தாள். 40 வருடம் தாண்டியதால் வாகன வரியும், எம்ஓடி என்ற வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனையும் வேண்டாம். ஆனால் எம்ஓடி வேண்டாம் என்பதற்காக யாரும் பிரேக்கைப் பார்க்காமல் பத்து வருடம் நின்ற வண்டியாகவும் இருக்கலாம். விருப்பப்பட்டால் எம்ஓடி எடுக்கலாம், டீலரை எடுத்துத் தரச் சொல்லுங்கள். செலவும் குறைவு, வேறொரு கண் வண்டியைப் பார்த்த மாதிரியும் ஆச்சு.

கவின்_கவென்ட்ரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. டீலரிடம் பேசினேன். பதிவேட்டுத் தாள் இல்லையாம், விண்ணப்பிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டார், அதற்குள் வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்றும் சொன்னார். எஞ்சின் எண்ணின் நெருக்கமான படம் அனுப்பியிருக்கிறார், டிபிடி34ஜிஎஸ் சரியாக இருக்கிறது, எழுத்துகள் ஒரே அளவாகத்தான் தெரிகின்றன. கிராங்க்கேஸ் மணல் வீசிச் சுத்தம் செய்ததாம்.

செல்வம் அண்ணா, பி33 யோசனை மோசமில்லை, இது கைகூடாவிட்டால் அங்கேதான் வருவேன். ஆனால் என் மனம் இதில்தான் இருக்கிறது. சனிக்கிழமை நேரில் போகிறேன். குளிர்ந்த எஞ்சினை நானே ஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். புல்லட் மாதிரியேதானா, வேறு ஏதாவது இருக்கிறதா?

வடலி_சிங்கிள்:

புல்லட் அடித்த காலுக்கு விளங்கும், ஆனால் இது கடுமையாகத் திருப்பி உதைக்கும். நல்ல தடித்த சப்பாத்து போட்டுக்கொண்டு போங்கள். போனவுடன் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் அவர்கள் முன்னமே ஸ்டார்ட் செய்து வைத்துவிட்டார்கள். ஆறும்வரை காத்திருக்கிறேன் என்று சொல்லித் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

பெட்ரோலைத் திறந்து, ஃப்ளோட் சேம்பரில் இருக்கும் பொத்தானை அமுக்கிப் பெட்ரோல் கசியும்வரை நிரப்புங்கள். இக்னிஷன் லிவரைப் பின்தள்ளி வையுங்கள், இதை மறந்தால்தான் கணுக்கால் போகும். கிக்கரை மெதுவாக அமுக்கி கம்ப்ரஷன் தட்டும் இடத்துக்குக் கொண்டுவந்து, வால்வ் லிஃப்டரைப் பிடித்து பிஸ்டன் உச்சியைச் சற்றே தாண்டவிட்டு, லிஃப்டரை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து, முழு உடம்புப் பாரத்தோடு கடைசிவரை ஒரே மூச்சில் உதையுங்கள். ஆக்ஸிலரேட்டரை மூடியே வைத்திருங்கள், பிடித்தவுடன் கொஞ்சம் திறந்து அப்படியே பிடித்திருங்கள், ஐடிலிங் இல்லை என்று சொன்னேன் அல்லவா. செட்டிங் சரியாக உள்ள வண்டி இரண்டு மூன்று உதையில் பிடிக்கும். பத்துப் பதினைந்து உதைத்தும் பிடிக்காவிட்டால் மேக்னெட்டோ பலவீனமாக இருக்கலாம். சூடாக ஓடிய பிறகு நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள், பழைய மேக்னெட்டோ சூட்டில்தான் கைவிடும்.

பிடித்தவுடன் நிறையப் புகை வந்தால் உடனே பயப்படாதீர்கள். கனநாள் நின்ற வண்டியில் ஆயில் டேங்கிலிருந்து எண்ணெய் கீழே கிராங்க்கேஸுக்குள் இறங்கியிருக்கும், அது எரிந்து முடிய வேண்டும். ஆயில் டேங்க் மூடியைத் திறந்து எண்ணெய் திரும்பி வருகிறதா என்று பாருங்கள், அது முக்கியம். சில நிமிடம் கழித்தும் நீலப் புகை நிற்காவிட்டால் சிலிண்டர் போரையும் வால்வ் கைடையும் பார்க்க வேண்டும், அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். சனி பின்னேரம் இங்கே வந்து எழுதுங்கள், படமும் போடுங்கள்.